சத்துதானே என்று கொடுத்தது: லித்தியம் எடுத்த 13 வயதுப் பையன் – ஒரு நிகழ்வு ஆய்வு

பங்குனி பிறந்து மூன்றாவது நாள். பையனை அம்மாவும் அப்பத்தாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அழைத்து வந்தார்கள். 13 வயது, எட்டாம் வகுப்பு. ஐந்து மாதமாக என்னிடம் பார்க்கிற பையன்தான்; மனநிலை அளவு மீறி ஏறியும் இறங்கியும் போகிற இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் எடுக்கிறான். வழக்கமாக உள்ளே வந்ததும் என் மேசையில் இருக்கும் பேனா டப்பாவைச் சுழற்றிக்கொண்டே பேசுவான். அன்று நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.

"எட்டு நாளா இப்படித்தான் டாக்டர். பள்ளிக்கூடம் போகல. தட்டுல கை வைக்கிறதில்ல. கூப்பிட்டா ‘ம்’ங்கறான், அவ்வளவுதான்" என்றார் அம்மா.

பகலிலும் தூங்குகிறான். அழுகை இல்லை. தனியாக வைத்துக் கேட்டேன். சாக வேண்டும் என்கிற எண்ணமெல்லாம் இல்லை, "சோர்வா இருக்கு" என்று மட்டும் சொன்னான். தண்ணீர் நிறையக் குடிக்கிறான், ராத்திரியில் மூன்று தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறான். லித்தியம் எடுப்பவர்களிடம் இது வழக்கம், போன மாதமும் இருந்தது. அதனால் அதன் மேல் நிற்காமல் தாண்டிப் போய்விட்டேன். வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "எதுவும் இல்ல டாக்டர். நீங்க குடுத்தது மட்டும்தான்."

அன்று குறிப்பேட்டில் நான் எழுதிய வரி: ‘மனச்சோர்வுக் கட்டம் திரும்பியிருக்கலாம்.’ மாத்திரையைக் கூட்டுகிற யோசனை இருந்தது. கூட்டாமல் விட்டதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. மூன்று மாத இரத்தப் பரிசோதனைக்கு நாள் வந்திருந்தது, காலை மாத்திரை போடாமல்தான் வந்திருந்தான், சரி, அளவு வரட்டும் என்று இரத்தம் எடுக்க அனுப்பினேன். அவ்வளவுதான் நடந்தது.

(ஊர், தொழில், குடும்ப விவரங்கள் சில இங்கே மாற்றப்பட்டவை.)

அதற்கு முன்

ஐப்பசியில் முதல் முறை வந்தபோது கதை வேறு. இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் மூலையில் கிடந்த பையன், ஒரு வாரத்தில் தலைகீழாக மாறியிருந்தான். ஒன்பது நாளாக இரவில் இரண்டு, மூன்று மணி நேரத் தூக்கம்தான், ஆனால் களைப்பே இல்லை. ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு வளவில் வெளிச்சம் தெரிகிறதே என்று அப்பத்தா போய்ப் பார்த்தால், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுவதையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வீட்டை அரண்மனையாக்கிச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டி மாதம் பத்து லட்சம் சம்பாதிக்கப் போகிறானாம். செட்டிநாட்டில் இந்த யோசனை அத்தனை பைத்தியக்காரத்தனம் இல்லை, உண்மையிலேயே பலர் செய்கிறார்கள். ஆனால் 12 வயதில், நடு ராத்திரியில், தடுத்த அப்பாவைக் கடித்துவிட்டு யாரும் செய்வதில்லை.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டதற்கு முதலில் இல்லை என்றார்கள். அரை மணி நேரம் கழித்து அப்பத்தாவுக்கு நினைவு வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய பெரிய ஐயா ஒருவர். வாரக்கணக்கில் தூங்காமல் கணக்கு எழுதுவாராம், அப்புறம் ஆறு மாதம் அறையை விட்டு வர மாட்டாராம். "முனி அடிச்சிருச்சுன்னாங்க அப்ப."

இருதுருவ மனநிலைக் கோளாறு என்று முடிவு செய்தோம். இந்த வயதில் அதைச் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டியதால்தான், 2013-ல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாடான டி.எஸ்.எம்.-5 அவர்களுக்கென்று தனியாக ஒரு பெயரே வைத்தது. இவனுக்கு நாள்பட்ட எரிச்சல் கிடையாது. இறங்கிய கட்டமும் ஏறிய கட்டமும் தனித்தனியாக, ஊரே பார்க்கிற மாதிரி வந்து போயின.

லித்தியம் தொடங்கினோம், கூடவே ஏறிய மனநிலையைத் தணிக்க ராத்திரிக்கு ரிஸ்பெரிடோன் 1 மி.கி. இன்வர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கும் அப்பாவிடம் ‘லித்தியம்’ என்று சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "பேட்டரியில போடுறதை என் பிள்ளைக்கா?" காரைக்குடியில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர், லித்தியம் பேட்டரி என்றால் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது உப்பு மாதிரி ஒரு தாதுப்பொருள், பாறையிலும் ஊற்றுநீரிலும் இருப்பது, 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், இவனுக்கு ஏறிய மாதிரியான பித்து நிலைக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார் என்றெல்லாம் சொன்னேன். செவன்-அப் குளிர்பானத்தில்கூட 1948 வரை லித்தியம் உப்பு சேர்த்திருந்தார்கள் என்றதும் கொஞ்சம் சிரித்தார்.

மார்கழியில் நாளுக்கு 900 மி.கி.யில் இரத்த அளவு 0.8 வந்தது. லிட்டருக்கு 0.6-லிருந்து 1.2 மில்லி ஈக்குவலன்ட் வரைக்கும்தான் நமக்கு வேண்டியது, ஆக நல்ல அளவு. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் எல்லாம் சரி, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.6, கால்சியம் 9.4. பையன் பள்ளிக்குப் போனான், அரையாண்டுத் தேர்வு எழுதினான். ஆனால் எடை 41-லிருந்து 46 கிலோ ஆயிற்று. கை லேசாக நடுங்கியது. வகுப்பில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருப்பதைப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். ரிஸ்பெரிடோனைப் பாதியாக்கினேன். மருந்து பிள்ளையைக் காப்பாற்றியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே மருந்து பிள்ளையை உள்ளே அரிக்கிறது என்றும் எல்லோரும் நம்பினார்கள். அரிப்பதை ஈடுகட்ட ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? அது எனக்குத் தெரியாத பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

1.6

மறுநாள் காலை பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. லித்தியம் 1.6, கிரியேட்டினின் 1.3. உடனே மாத்திரையை நிறுத்தச் சொல்லி வரவழைத்தேன். இதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். கையை நீட்டச் சொன்னால் நேற்றைய மெல்லிய நடுக்கம் இல்லை, பட்டம் விடும் கை போல ஆட்டம். நடையிலும் தடுமாற்றம்.

லித்தியம் உடம்பில் தேங்குவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், சோடியம் போகிற அதே பாதையில். உடம்பில் நீர் வற்றினாலோ உப்பைத் திடீரென்று குறைத்தாலோ சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கும், லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். வயிற்றுப்போக்கு இல்லை. உப்பைக் குறைக்கவில்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தது அம்மாதான், பையன் இல்லை. கால் வலி என்று இடையில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள், ஆனால் வலி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

அப்போதுதான் அப்பத்தா வாயிலிருந்து வந்தது: "அமுக்கராச் சூரணம் மட்டும் ராத்திரி பால்ல ஒரு சிட்டிகை போடுறேன் டாக்டரம்மா. நரம்புக்கு நல்லதுன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டபோது எதுவும் இல்லை என்றீர்களே என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவுக்குத் தைராய்டு சுரப்பைக் கூட்டுகிற குணம் பதிவாகியிருக்கிறது, அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. லித்தியமோ தைராய்டைக் குறைக்கும். இரண்டையும் சேர்த்தால் தைராய்டுப் பரிசோதனை பொய் சொல்லும். இதையெல்லாம் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எதிரே இருந்த பையனின் நிலைமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்பத்தா பதில் பேசவில்லை. எழுந்து போகும்போது, நர்ஸிடம் சொல்கிற மாதிரி, ஆனால் என் காதில் விழட்டும் என்று சொன்னார்: "பத்து நாளா பிள்ளை வெளிக்கே சரியாப் போகல. வெளக்கெண்ணெய் குடுத்தும் அசையல. அதை யாரும் கேக்கல."

நான் கேட்கவில்லைதான். லித்தியம் மிஞ்சினால் வயிறு இளகும், போக்காகும். மலச்சிக்கல் வராது. தாகம், அதிகச் சிறுநீர், வாந்தி, பசியின்மை, சோர்வு. இவற்றோடு மலச்சிக்கலும் சேர்ந்தால் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்கூட ஒரு பெயரைச் சொல்வார். அதே இரத்த மாதிரியில் கால்சியம் பார்க்கச் சொல்லிப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் வந்தது: 13.4. மேல் வரம்பு 10.5.

லித்தியமே கால்சியத்தை ஏற்றலாம். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிவிட்டு, மெதுவாக, பெரும்பாலும் பல வருடம் கழித்து. அப்படி இருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் இறங்கியிருக்காது. இவனுக்கு அது அடிமட்டத்தில் இருந்தது. அப்படியென்றால் கால்சியம் வெளியிலிருந்து ஏற்றப்படுகிறது.

மஞ்சப்பை

அப்பாவுக்குப் போன் போட்டேன். மருந்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பிள்ளை வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் சரி, சத்து, டானிக், பவுடர், லேகியம், மிட்டாய், வெளிநாட்டுல இருந்து வந்தது, எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக் கொண்டு வாங்க" என்றேன். முக்கால் மணி நேரத்தில், ஏதோ கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார்.

வெளியே வந்தவை இவை. சிங்கப்பூர்ச் சித்தப்பா பொங்கலுக்கு வந்தபோது கொடுத்த இரண்டு பாட்டில். வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர், மீன் மாத்திரை. கரடி உருவத்தில் பல வைட்டமின் கலந்த மிட்டாய் ஒரு டப்பா. கால்சியம் மாத்திரை அட்டை, பாதி காலி. சூரணப் பொட்டலம். சாக்லேட் வாசனைச் சத்துமாவு. கடைசியாக, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு கட்டு, கிழிக்காத சிறு பாக்கெட்டுகள் ஆறு. வைட்டமின் டி3, ஒவ்வொன்றிலும் 60,000 யூனிட்.

கால் வலிக்குப் போன கிளினிக்கில் வைட்டமின் டி பார்த்திருக்கிறார்கள்; 11 நானோகிராம், குறைவுதான். வாரம் ஒரு பாக்கெட், எட்டு வாரம் என்று எழுதியிருக்கிறார்கள். தவறான மருத்துவம் இல்லை, எல்லா ஊரிலும் எழுதுவதுதான். ஆனால் சீட்டில் ‘வாரம்’ என்று இல்லை. ‘ஓ.டபிள்யூ.’ என்று இரண்டு ஆங்கில எழுத்து. தினம் ஒன்று என்பதற்கு ‘ஓ.டி.’ என்று எழுதுவார்கள். கிறுக்கலில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. மருந்துக் கடையில் காகித உறை மேல் பால்பாயின்ட் பேனாவால் ‘தினம் 1 பாலில்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உறை இன்னும் பைக்குள் இருந்தது. எட்டு பாக்கெட் எட்டு நாளில் தீர்ந்தது. கால் வலி குறைந்த மாதிரி இருந்தது, பிள்ளையும் முகம் சுளிக்காமல் குடித்தான், அம்மா திரும்பத் திரும்ப வாங்கினார். சீட்டு கேட்கவில்லை, சத்துப் பவுடர்தானே.

காலி பாக்கெட்டுகளை எண்ண வழியில்லை. கடை பில்களை வைத்துக் கணக்குப் போட்டோம். 38 பாக்கெட். 22 லட்சத்து 80 ஆயிரம் யூனிட், ஐந்தரை வாரத்தில். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். ஒரு பாக்கெட் என்பது நூறு நாள் அளவு. அதை ஒரே டம்ளர் பாலில் தினமும் கொடுத்திருக்கிறார்கள். மீன் மாத்திரை பாட்டில்களில் ஒன்று மீன் ஈரல் எண்ணெய். அதிலும் வைட்டமின் டி உண்டு, கூடவே ஏ-யும். கால்சியம் மாத்திரையிலும் உண்டு, கரடி மிட்டாயிலும் உண்டு. நாலு வாசல் வழியாக ஒரே ஆள் உள்ளே வந்திருக்கிறார். ஆனால் நியாயமாகச் சொன்னால் மற்ற மூன்றையும் சேர்த்தாலும் ஒரு பாக்கெட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது.

அதற்குப் பிறகு நடந்தது சங்கிலி. டி மிஞ்சியதால் குடல் கால்சியத்தை உறிஞ்சித் தள்ளியது. கால்சியம் ஏறியதால் சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கும் திறனை இழந்தது. லித்தியத்தால் ஏற்கெனவே அந்தத் திறன் பாதியாகியிருந்த பையன். வெளியே பங்குனி வெயில். குடிப்பதைவிட அதிகம் போயிற்று, உடம்பு வற்றியது, வற்றிய உடம்பு லித்தியத்தைப் பிடித்து வைத்தது. நான் மனச்சோர்வு என்று எழுதியது கால்சியம் ஏறியதால் வந்த மந்தம். தாகத்தை லித்தியத்தின் மேல் போட்டேன், சோர்வை நோயின் மேல் போட்டேன். இரண்டுக்கும் கையில் தயாராக ஒரு விளக்கம் இருந்ததுதான் என்னை ஏமாற்றியது.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் இதைச் சொன்னபோது அம்மா அழுதார். அப்பா காகித உறையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பப் பார்த்தார், உட்கார வைத்தேன். அப்பத்தாவிடம், சூரணம் இதற்குக் காரணம் இல்லை, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன். "சரி, பிள்ளையைப் பாருங்க" என்றார்.

மதுரையில்

அன்று இரவே மதுரைக்கு அனுப்பினோம்; 11 நாள் இருந்தான். சிகிச்சை பெரும்பாலும் சலைன்தான். அது கால்சியத்தையும் இறக்கும், லித்தியத்தையும் கழுவும். ஒரு சிக்கல்: லித்தியத்தால் நீர் பிடிக்க முடியாத சிறுநீரகத்துக்குச் சலைன் ஏற்றினால் சோடியம் ஏறலாம், ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சோடியம் பார்த்தார்கள். லித்தியம் மூன்றாம் நாளே 0.3-க்கு வந்தது. கால்சியம் வரவில்லை. வைட்டமின் டி கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், நிறுத்தினாலும் வாரக்கணக்கில் கசியும். அங்கே பார்த்த அளவு 150-க்கு மேல். கருவி அதற்கு மேல் எண் காட்டாது.

இந்த நிலையில் வழக்கமாக ஸ்டீராய்டு கொடுப்பார்கள், குடல் கால்சியம் உறிஞ்சுவதைக் குறைக்க. குழந்தை மருத்துவர் அதைத் தொடங்கும் முன் என்னை அழைத்தார், அந்த ஒரு போனுக்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். லித்தியம் நிறுத்தப்பட்ட, ஐந்து மாதத்துக்கு முன் பித்து ஏறிய பிள்ளைக்கு ஸ்டீராய்டு என்பது நெருப்பில் நெய். அதற்குப் பதில், எலும்பிலிருந்து கால்சியம் கசிவதைத் தடுக்கும் பாமிட்ரோனேட் ஒரு தவணை நரம்பில் ஏற்றினார்கள். நான்காம் நாள் கால்சியம் 11.2. பையன் எழுந்து உட்கார்ந்து, அப்பாவின் போனைக் கேட்டான்.

அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது: ஹீமோகுளோபின் 10.6, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. இரும்புச்சத்துதான் உண்மையில் குறைவு. பள்ளியில் வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது, வாந்தி வருகிறது என்று பையன் அதை நாக்கடியில் வைத்திருந்து ஜன்னல் வழியே துப்பிவிடுவானாம். ஆறு விதமான சத்து வாங்கிய வீட்டில், தேவைப்பட்ட ஒன்று மட்டும் ஜன்னலுக்கு வெளியே.

வீடு திரும்பியபின் ஐந்து வாரம் பால், தயிர், கேழ்வரகு, எள், நெத்திலிக் கருவாடு எல்லாம் நிறுத்தம். கவுனி அரிசி உண்டா என்று கேட்டார்கள், தாராளமாக. உப்பைப் பற்றி மட்டும் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். பயத்தில் உப்பைக் குறைத்துவிடுவார்கள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், வீட்டில் எப்போதும் இருக்கிற அளவு அப்படியே இருக்கட்டும்.

லித்தியம் இல்லாத அந்த இடைவெளியில் மூன்றாவது வாரம் பேச்சு வேகமானது, தூக்கம் ஐந்து மணி நேரமாகக் குறைந்தது. ரிஸ்பெரிடோனை 1.5 மி.கி. ஆக்கினோம், நின்றது. கால்சியம் தொடர்ந்து இரண்டு முறை சரியாக வந்த பிறகு, சித்திரைக் கடைசியில் லித்தியத்தை 600 மி.கி.யில் திரும்பத் தொடங்கினோம்.

பையில் எதைத் திரும்ப வைப்பது

அப்பா ஒரு நாள் தனியாக வந்தார். இணையத்தில் படித்தாராம்: வைட்டமின், தாதுக்களை முழு அளவில் கொடுத்தால் இந்த நோய்க்கு மாத்திரையே வேண்டாம் என்று. இவ்வளவு நடந்த பிறகுமா என்று தோன்றியது. ஆனால் கேள்வி நியாயமானது, பாதி உண்மை அதில் இருக்கிறது.

பல சத்துகள் சேர்ந்த கலவையைப் பற்றி உண்மையாகவே ஆய்வு நடந்திருக்கிறது. 2022-ல் வெளியான ஒன்றில், கவனக்குறைவும் எரிச்சலும் உள்ள 6-லிருந்து 12 வயது வரையிலான 135 குழந்தைகளுக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தக் குழந்தை எதைச் சாப்பிட்டது என்று தெரியாத மருத்துவர்களின் மதிப்பீட்டில், சத்து எடுத்தவர்களில் 54 சதவீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதம். பெற்றோரின் மதிப்பீட்டில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. இதில் என் நோயாளிக்குப் பொருந்தாதது ஒன்று உண்டு: அந்தக் குழந்தைகள் யாரும் மனநல மருந்து எடுக்கவில்லை, இருதுருவக் கோளாறுக்கான ஆய்வும் அது இல்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது வேறு கதை. 2001-லேயே சார்ல்ஸ் பாப்பர் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர், தன் நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட கலவையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே எடுக்கும் மருந்தின் பக்க விளைவுகள் அதிகமாவதால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது என்று எழுதினார். ஆதரித்து எழுதியவரே சொன்ன எச்சரிக்கை அது. கலவைக்குச் சக்தி இல்லை என்று சொல்பவர்களும் சரி, சக்தி உண்டு, ஆபத்து இல்லை என்று சொல்பவர்களும் சரி, இதைப் படிக்க வேண்டும்.

சத்து மருந்தின் பலனைக் கெடுப்பதும் உண்டு. பெரியவர்கள் 202 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், இருதுருவக் கோளாறுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜின் மாத்திரையோடு ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் சேர்த்தவர்களிடம் லாமோட்ரிஜினின் பலன் காணாமல் போயிற்று. கரடி மிட்டாயிலும் ஃபோலிக் அமிலம் இருந்தது. இவன் லாமோட்ரிஜின் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த மிட்டாய் என் கண்ணில் பட்டிருக்குமா என்பதுதான் கேள்வி.

மீன் எண்ணெய்க்கு வருகிறேன். அதை நான் அனுமதித்தேன். மனச்சோர்வுப் பக்கத்தில் சிறிய பலன் இருக்கலாம், பித்து நிலைக்குப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது, பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பாட்டிலைப் பின்பக்கம் திருப்பிப் படிக்க வேண்டும். முன்னால் பெரிய எழுத்தில் 1000 மி.கி. என்று இருந்தது. அது மீன் எண்ணெயின் எடை. பின்னால் சின்ன எழுத்தில், இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. இந்த இரண்டும்தான் ஒமேகா-3, அப்படிப் பார்த்தால் ஒரு மாத்திரையில் மொத்தமே 300. மனச்சோர்வு ஆய்வுகளில் பலன் தெரிந்தது இ.பி.ஏ. பங்கு 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த கலவைகளில். இது சரியாக 60 என்பதால் விகிதம் தேறுகிறது; ஆனால் ஒரு கிராம் இ.பி.ஏ. வேண்டுமென்றால் நாளுக்கு ஐந்தாறு முழுங்க வேண்டும். இரண்டு போதும், பாட்டில் தீர்ந்ததும் வாங்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் தொண்டிப் பக்கமிருந்து வருகிற மத்தி மீன் குழம்பு வையுங்கள் என்றேன். செலவும் குறைவு. ஈரல் எண்ணெய் பாட்டில் குப்பைக்குப் போயிற்று. சித்தப்பாவுக்கு வருத்தம்.

சூரணம் வேண்டாம் என்று சொன்னேன், இந்த முறை சத்தமில்லாமல். தைராய்டுக் காரணத்தை அப்பத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவன் மாத்திரையும் அதே எடத்துல வேலை பாக்குதுன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

இரும்பு மாத்திரையைக் குழந்தை மருத்துவர் மூன்று மாதத்துக்கு எழுதினார். பாலோடும் டீயோடும் வேண்டாம், நெல்லிக்காயோ கொய்யாவோ கூடக் கொடுங்கள். டீயைப் பொதுவாகவே ஒரே அளவில் வைக்கச் சொன்னேன்; டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபீன் லித்தியத்தை வெளியே தள்ளும், திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறும்.

‘இயற்கை’ என்ற சொல்லைப் பற்றி அப்பாவோடு கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. இயற்கையான சத்தைக் கொடுத்துப் பிள்ளைக்கு இப்படி ஆகுமா என்று அவரால் ஏற்க முடியவில்லை. நீங்கள் பயந்த லித்தியம் பாறையில் கிடைப்பது. நீங்கள் பயப்படாத அந்த டி3 பவுடர், ஆட்டு ரோமத்தில் ஊறும் கொழுப்பை எடுத்து, புறஊதாக் கதிர் காட்டி ஆலையில் செய்வது. இதில் எது இயற்கை என்றேன். "ரெண்டையும் கடையிலதானே வாங்குறோம்" என்று முடித்துக்கொண்டார்.

என் பக்கத்தில் மாறியது ஒரு கேள்வி. "வேறு மருந்து ஏதாவது?" என்று இப்போது கேட்பதில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் மருந்து வேறு, சத்து வேறு. அந்த அம்மா அன்று பொய் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். இப்போது "பால்ல என்ன கலக்குறீங்க?" என்று ஆரம்பிக்கிறேன். அதிலேயே பாதி வெளியே வந்துவிடும். மீதிக்கு, ஊரிலிருந்து யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பையோடு வரச் சொல்கிறேன். மருந்துச் சீட்டில் ‘வாரம் ஒரு முறை, ஞாயிறு’ என்று தமிழில், கிழமையோடு எழுதுகிறேன்.

ஆடி முதல் வாரப் பரிசோதனை: லித்தியம் 750 மி.கி.யில் அளவு 0.7, கிரியேட்டினின் 0.7, கால்சியம் 9.8, ஃபெரிட்டின் 31. வைட்டமின் டி இன்னும் 92, மெதுவாக இறங்குகிறது. காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறான், பேனா டப்பாவைத் திரும்பச் சுழற்றுகிறான். இரவில் கால் உதறிப் புரள்வது நின்றிருக்கிறது. அது இரும்பாலா, கால்சியம் இறங்கியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எடை 47-ல் நிற்கிறது. அதுதான் இப்போதைய சண்டை. அடுத்த முறை ரிஸ்பெரிடோனை நிறுத்திப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

பையைக் கவிழ்த்தபோது லித்தியம், ரிஸ்பெரிடோன், இரும்பு, தீரப்போகிற மீன் எண்ணெய் பாட்டில். அதோடு, பிரிக்காத புது சியவன்பிராஷ் டப்பா ஒன்று. பக்கத்து வீட்டு ஆச்சி கொடுத்தாராம். "இன்னும் தொறக்கல" என்றார் அப்பத்தா, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.